பத்தியமா, பட்டினியா?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைக்குப் பணம் கேட்பாரில்லை. படுக்கைக்குப் பணம் கேட்பாரில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கும் பணம் கேட்பாரில்லை. ஏழையும் செல்வரும் ஒரே வாயிலால் நுழையக்கூடிய இடங்கள் இந்நாட்டிலே மிகச் சில. அவற்றுள் வைத்தியசாலை ஒன்று. பெருமைப்படத்தக்க இந்த ஏற்பாட்டைப் பழித்துரைப்பது நமது நோக்கமன்று. அதனுள்ளே கிடக்கும் ஓட்டை ஒன்றை எடுத்துக் காட்டுவதே நமது நோக்கம்.

சத்திரசிகிச்சை நிபுணர் திறம்பட வெட்டுகிறார், திறம்படத் தைக்கிறார். தாதிமார் நாள்தோறும் புண்ணைத் துடைத்துக் கட்டுகிறார்கள். விலையுயர்ந்த கிருமிகொல்லி மருந்துகள் ஏற்றப்படுகின்றன. இத்தனையும் முடிந்தபின் நோயாளி வீடு திரும்புகிறார். அங்கே அவர் முன் வைக்கப்படுவது ஒரு கோப்பைக் கஞ்சி! மீன் ஆகாது, முட்டை கூடாது, பருப்பு வாய்வு, தயிர் குளிர்ச்சி. இரண்டு கிழமை கழித்துத் தையல் விட்டு, புண் வாய் திறந்து, அதே நோயாளி அதே வாயிலால் மீண்டும் வருகிறார். "கிருமி பிடித்துவிட்டது" என்பர் ஒரு சாரார். "டாக்டர் சரியாகத் தைக்கவில்லை" என்பர் மறு சாரார். "எதையோ தின்றுவிட்டான்" என்பர் வீட்டுப் பெரியவர்கள். "எதையுமே தின்னவில்லை" என்று சொல்வாரைத்தான் காணோம்.

காயம் ஆறாமைக்குக் காரணங்கள் பல உண்டு. கிருமித் தொற்று உண்டு, நீரிழிவு உண்டு, இரத்தவோட்டக் குறைவு உண்டு, புகைத்தல் உண்டு. இவையெல்லாம் வார்ட்டிலே பேசப்படுகின்றன. ஆனால், காயத்தை மூடுவதற்கு வேண்டிய பண்டம் உடலிலே இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அப்பண்டத்தின் பெயர் புரதம்.

காயத்தை மூடுவது எது?

தையல் நூல் காயத்தை ஆற்றுவதில்லை. உடல் தன் வேலையைச் செய்து முடிக்கும் வரையில் இரு கரைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதே நூலின் தொழில். ஆற்றுவது உடல். முதலில் இரத்தம் உறைகிறது. பின்னர் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த இழையங்களையும் அகற்றுகின்றன. அடுத்த சில நாட்களில் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் நெய்யப்பட்டுப் புண்ணின் இடைவெளி நிரப்பப்படுகிறது. பல மாதங்கள் வரையில் அந்நார்கள் அவிழ்ந்தும் மீண்டும் முறுகியும் தழும்புக்கு வலிமை தருகின்றன. அப்படியிருந்தும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் அடைவதில்லை.

இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் புரதம். கிருமியோடு பொருதும் எதிர்ப்பொருள்கள் புரதம். நெய்யப்படும் கொலாஜனும் புரதமே. இந்த நெசவுக்கு உயிர்ச்சத்து சீயும் நாகச்சத்தும் வேண்டும். ஆயினும் நூல் இல்லாத தறியிலே நெசவாளி என்ன செய்வான்?

இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். கொழுப்பைச் சேமித்து வைக்க உடலிலே களஞ்சியம் உண்டு. புரதத்துக்கு அத்தகைய களஞ்சியம் கிடையாது. உணவிலே வராவிட்டால் உடல் தன் சொந்தத் தசையை உடைத்தே அதனைப் பெறுகிறது. கூரையைப் பிடுங்கி அடுப்பெரிக்கும் குடும்பத்தைப் போல, கை கால்களின் தசையை உருக்கி வயிற்றுக் காயத்தை மூட முயல்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் "ஆள் பாதியாகி விட்டார்" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பாதி எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்த்தோமா?

மேலை நாட்டார் கற்ற பாடம்

இது நேற்று முளைத்த புதுமையன்று. கிரிமியப் போரிலே காயமுற்றோரைப் பராமரித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859 இல் எழுதிய தாதியியல் நூலிலே நோயாளியின் உணவுக்கென்றே தனி அதிகாரங்கள் ஒதுக்கினார். உணவு நிறைந்திருக்கும் இடத்திலேயே கவனிப்பாரின்மையால் நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அவர் முறையிட்டார். இறைச்சியை வேகவைத்து இறுத்த வெறுஞ்சாற்றிலே பெருஞ்சத்து இருப்பதாக அக்காலத்தவர் கொண்டிருந்த நம்பிக்கையையும் அவர் கண்டித்தார். நம்மவரும் கோழியை வேகவைத்துச் சாற்றை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியைத் தாம் உண்பது இன்றும் வழக்கம். சாற்றிலே உப்பும் வாசனையும் உண்டு. புரதத்தின் பெரும்பகுதி சட்டியில் எஞ்சிய இறைச்சியிலேதான் கிடக்கிறது!

1930களில் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர் கத்பேட்சன், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தார். அவர்கள் உணவில் உட்கொண்டதிலும் அதிகமான நைதரசன் வெளியேறிக்கொண்டிருப்பதைக் கண்டார். நைதரசன் வெளியேறுதல் என்றால் புரதம் கரைகிறது என்பது பொருள். முறிந்தது ஓர் எலும்பு. ஆனால் உருகியதோ உடல் முழுவதன் தசை.

1936 இல் அமெரிக்காவிலே ஸ்டட்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். இரைப்பைப் புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களுள், முன்னரே தம் நிறையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தோரில் மூவரில் ஒருவர் இறந்தனர். அவ்வளவு நிறை இழக்காதோரில் இறந்தவர்கள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. 1938 இல் ராவ்டின் என்பாரும் அவர் சகாக்களும் நாய்களிற் செய்த சோதனையோ, இரத்தத்திலே புரதம் குன்றினால் வயிற்றிற் போட்ட தையல் பொருந்துவதில்லை என்பதை ஐயமறக் காட்டிற்று.

இத்தனைக்குப் பின்னரும் பாடம் மறக்கப்பட்டது. 1974 இல் பட்டர்வேர்த் என்ற அமெரிக்க மருத்துவர், செல்வங் கொழிக்கும் தம் நாட்டு வைத்தியசாலைகளிலேயே நோயாளிகள் சத்துணவின்றி மெலிகிறார்கள் என்றும், அவர்களின் உயரத்தையும் நிறையையும் குறித்து வைக்கக்கூட ஆளில்லை என்றும் எழுதி, மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தார். நிறையை அறியாமல் மெலிவை அறிவது எவ்வாறு? நமது வைத்தியசாலைகளிலே நோயாளியின் காய்ச்சலை வேளைக்கு வேளை அளந்து எழுதுகிறோம். அவர் தட்டிலே எவ்வளவு மிஞ்சியது என்பதை எழுதுகிறோமா?

'கிரந்தி' என்னும் பூதம்

இனி நம் வீட்டுக்குள்ளே வருவோம். யாழ்ப்பாணத்துச் சமையலறையிலே 'கிரந்தி' என்ற சொல்லுக்கு இருக்கும் அதிகாரம் பாராளுமன்றச் சட்டத்துக்கும் இல்லை. இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கணவாய் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி. காயம் பட்டவன் இவற்றை உண்டால் புண் சீழ்க்கட்டும் என்பது தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது. சில வீடுகளிலே இந்தத் தடை மெல்ல மெல்லப் பரந்து, எல்லா மீனையும், முட்டையையும், பருப்பையும் விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது சோறும் இரசமும், பாணும் வெறுந்தேநீரும்.

முன்னோரை நாம் இகழவில்லை. பத்தியம் என்பது நோய்க்கேற்பவும் மருந்துக்கேற்பவும் நாளெண்ணி விதிக்கப்பட்ட ஒழுங்கு. அதிலே விலக்கு உண்டென்றால் விதியும் உண்டு. உண்ணத் தகாதது இது என்றுரைத்த வைத்தியர் உண்ணத் தக்கது இது என்றும் உரைத்தார். நாமோ விலக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விதியைக் கைவிட்டுவிட்டோம். இறாலும் நண்டும் சிலருடைய உடலுக்கு ஒவ்வாமல் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது மெய்யே. அத்தகையோர் அவற்றை விலக்குவதே முறை. ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்கு ஒவ்வாததை மற்றை ஒன்பது பேரிடமிருந்தும் பறிப்பது எந்த வைத்தியம்? முட்டை உண்பதால் புண் சீழ்க்கட்டுவதில்லை. சீழை உண்டாக்குவது கிருமி. அக்கிருமியை எதிர்க்கும் படைக்கு ஆள் திரட்டுவதே முட்டையின் தொழில்.

நமது மரபே இதற்குச் சாட்சி கூறுகிறது. பெண்பிள்ளை பருவமடைந்தால் நல்லெண்ணெயோடு முட்டை கொடுக்கிறோம். உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைத்து மீன் கொடுக்கிறோம். பால் சுரக்கட்டும் என்று சுறா வறுத்துக் கொடுக்கிறோம். உடல் வளரும் வேளையிலும், ஓர் உயிரை ஈன்று தளர்ந்த வேளையிலும் ஊன் வேண்டும் என்பதை நம் பாட்டிமார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். அவ்வாறாயின், அறுவைக் கத்தியால் வயிறு பிளக்கப்பட்டுத் தைக்கப்பட்ட மகனுக்கு மட்டும் ஏன் கஞ்சி? பிள்ளைப்பேற்றுத் தாய்க்குப் பொருந்திய நியாயம் அவனுக்குப் பொருந்தாதா?

"அளவோடு உண்ணச் சொன்னாரே வள்ளுவர்" என்பார் உளர். சொன்னார், மறுப்பாரில்லை. மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலே அவர் பெரும்பாலும் பேசியது உணவைப் பற்றியே என்பதும், மிகுதியைப் போலவே குறைவும் நோய் செய்யும் என்று அங்கேயே கூறியிருக்கிறார் என்பதும் நினைவிருக்கட்டும். அளவு என்னும் சொல்லுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நாம் ஒன்றை மட்டுமே கண்டோம்.

கணக்கைப் பார்ப்போம்

வெறும் வாதத்தை விடுத்துக் கணக்குக்கு வருவோம். நோயற்ற ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் போதுமானதென்பது உலக சுகாதார தாபனம் 2007 இல் வெளியிட்ட அறிக்கையின் அளவு. 50 கிலோ நிறையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 42 கிராம். படுக்கைப்புண் உள்ளவர் மெலிந்தவராகவோ மெலியும் நிலையிலோ இருந்தால், கிலோ ஒன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை கொடுக்கவேண்டும் என்பது 2019 இல் ஐரோப்பிய, அமெரிக்க, பசுபிக் வட்டார நிபுணர் சபைகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல். நமது 50 கிலோ நோயாளிக்கு அது 62 முதல் 75 கிராம் வரை ஆகிறது. பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருக்கும் ஏறத்தாழ இதே அளவே சொல்லப்படுகிறது.

நம் 'பத்தியக்காரர்' உண்பது என்ன? காலையிலே கால் இறாத்தல் பாணும் வெறுந்தேநீரும். நண்பகலிலே ஒரு கோப்பைக் கஞ்சி. மாலையிலே நாலு விசுக்கோத்து. இரவிலே இடியப்பமும் சொதியும். எல்லாவற்றையும் கூட்டினாலும் புரதம் 25 கிராமை எட்டுவது அரிது. வேண்டியதில் பாதிகூட இல்லை! பார்க்க வரும் உறவினர் கொண்டு வருவதோ அப்பிளும் முந்திரிகைப்பழமும் இளநீரும். அன்பு மிகுந்த காணிக்கைதான். ஆயினும் ஓர் அப்பிளிலே ஒரு கிராம் புரதமும் இல்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கி அவித்துக் கொண்டு போயிருந்தால் புண்ணுக்கு உதவியிருக்கும்.

இனி மாற்றிப் பாருங்கள். இரண்டு முட்டையிலே 12 கிராம். ஐம்பது கிராம் மைசூர்ப் பருப்பிலே 12 கிராம். நூறு கிராம் மீனிலே 20 கிராம். ஒரு கோப்பைப் பாலிலே 6 கிராம். வழக்கமான சோறும் பாணும் தருவது மேலும் 18 கிராம் வரை. 68 கிராம் வந்துவிட்டது! மீன் என்றவுடன் விலை கூடிய பாரையையும் விளைமீனையும் நினைத்து மலைக்க வேண்டியதில்லை. சூடையும் சாளையும் நெத்தலியும் புரதத்திலே அவற்றுக்குக் குறைந்தவையல்ல. மச்சம் உண்ணாதாரும் கலங்க வேண்டியதில்லை. பருப்பும் பயறும் கடலையும் வகைக்கு ஐம்பது கிராம் சேர்த்து, பாலோ தயிரோ இரண்டு கோப்பை அருந்தி, சிறிது சோயாவும் கறிவைத்துக் கொண்டால் 70 கிராமைத் தாண்டலாம். உழுந்தும் கச்சானும் கௌபியும் துணை நிற்கும். உயிர்ச்சத்து சீக்குத் தேசிக்காயும் கொய்யாவும் நெல்லியும் வேலியோரத்திலேயே உண்டு.

உயிர்ச்சத்து சீயின் வல்லமையை அறிய ஓர் உண்மைச் செய்தியைக் கூறுவோம். 1740 இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பற்படையிலே, 1690 ஆம் ஆண்டுப் போரொன்றில் காயம்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே முற்றாக ஆறிய கிழவர் ஒருவர் இருந்தார். பழமும் காய்கறியும் இல்லாத நெடும் பயணத்திலே ஸ்கேவி நோய் பற்றியபோது, ஐம்பது ஆண்டுத் தழும்பு மீண்டும் பிளந்து புதுப்புண்ணாயிற்று! தழும்பு என்பது கட்டி முடித்துவிட்டுப் போன சுவர் அன்று. நாள்தோறும் உடைந்தும் நாள்தோறும் கட்டப்பட்டும் நிற்கும் உயிருள்ள வேலி அது. கட்டுவது நின்றால் வேலி விழும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கே கூறிவிடவேண்டும். முதலாவது, சிறுநீரக நோயுள்ளவர்கள் டாக்டரின் சொல்லின்றிப் புரதத்தைக் கூட்டுதல் ஆகாது. அவர்களின் அளவு வேறு. அதனை அவர்களின் வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவது, சோற்றைக் குறைத்துவிட்டுப் புரதத்தை மட்டும் கொடுப்பதாற் பயனில்லை. எரிபொருள் போதாத உடல் அந்தப் புரதத்தையே எரித்துவிடும். விறகில்லாத வீட்டிலே சந்தனக் கட்டையை அடுப்பில் வைத்த கதைதான் அது. நன்றாக உண்டு வாழ்பவர் மேலும் மேலும் புரதமாவைக் கரைத்துக் குடித்தால் புண் பறந்தோடிவிடும் என்பதும் மெய்யன்று. விளம்பரம் செய்யப்படும் டின்களுக்காக ஏழைக் குடும்பங்கள் கடன்பட வேண்டியதில்லை. குறையை நிரப்புவதே நாம் கேட்பது, குவிப்பதன்று.

ஏழையின் தட்டும் அரசின் கடமையும்

இங்கே ஒருவர் எழுந்து, "முட்டையும் மீனும் வேண்டாமென்று யார் சொன்னார்? வாங்கப் பணம் எங்கே?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. குற்றம் முழுவதையும் கிரந்தியின் தலையிலே சுமத்திவிட்டு ஆட்சியாளர் தப்பிவிட முடியாது.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை மக்கள் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 62 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது பத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்று, போதிய உணவுக்கு உறுதியற்றிருப்பதாக உலக உணவுத் திட்டம் அவ்வாண்டிலே மதிப்பிட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா என்றும், சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்றும் உச்ச விலை விதித்தது. 2023 இலோ, கோழி வளர்க்கத் தெரிந்த இத்தீவு இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்தது. அத்தகைய நாட்களிலே ஏழையின் தட்டிலிருந்து முதலில் மறைவது சோறன்று. முட்டையும் மீனும் பாலுமே. வீட்டிலே அனைவரும் குறைத்து உண்ணும்போது, படுத்திருப்பவர் தம் பங்கைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டுத் தாம் கஞ்சியோடு அமைவார். அதற்கு அவர் கொடுக்கும் பெயரும் பத்தியமே!

வன்னியிலும் கிழக்கிலும் இத்துன்பம் இன்னும் ஆழமானது. 2009 இல் முடிவுற்ற போரிலே முள்ளந்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்கள், இன்றும் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் நாளைக் கழிக்கிறார்கள். உணர்வில்லாத தோலிலே அழுத்தம் விழுந்து படுக்கைப்புண் தோன்றுகிறது. ஆழமான புண்ணிலிருந்து வடியும் நீரோடு புரதமும் வடிகிறது. வடிந்ததை ஈடுசெய்ய உணவில்லை. உணவு வாங்க உழைப்பில்லை. உழைக்க உடல் இடந்தரவில்லை. போர் முடிந்தது என்று ஏடுகள் எழுதின. இவர்களுடைய உடலிலே அது முடியவில்லை. இவர்களுக்கு மருந்துப் பஞ்சு மட்டும் கொடுத்துவிட்டுப் புண் ஆறவில்லையே என்று வியப்பது, வேருக்கு நீர் வார்க்காமல் இலையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

நீரிழிவுக்காரரின் நிலையும் இத்தகையதே. "சீனியைக் குறை" என்ற புத்திமதி, "எல்லாவற்றையும் குறை" என்று அவர் காதிலே விழுகிறது. காலிலே முள் குத்திய சிறு புண் பெருகி, விரலைக் கொண்டுபோய், பின்னர் பாதத்தையும் கொண்டுபோகிறது. இரத்தத்தின் சீனியை அடக்குவதோடு மீனையும் முட்டையையும் பயற்றையும் தாராளமாக உண்ணலாம் என்று அவருக்குச் சிறுநீரகச் சோதனையின் பின் எடுத்துச் சொல்பவர் யார்?

இந்த நாட்டு அரசுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா, 1970களிலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வருகிறது. சத்துணவு கொடுப்பது தருமமன்று, வைத்தியத்தின் பகுதி என்று அரசு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. தாய்க்கும் சேய்க்கும் ஒப்புக்கொண்டதை, காயமுற்ற தந்தைக்கும் தமையனுக்கும் மறுப்பதற்கு நியாயம் என்ன? புண் ஆறாமல் ஒருவர் மேலும் பத்து நாள் வார்ட்டிலே படுத்திருந்தால், அதற்காகும் செலவிலே அவருக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று திறைசேரி கணக்குப் பார்க்கட்டும்!

நாம் கேட்பவை

நாம் கேட்பவை மாளிகைகள் அல்ல. வார்ட்டுக்கு வரும் ஒவ்வொரு காயக்காரரின் நிறையும் எழுதப்படவேண்டும். அவர் மெலிகிறாரா என்பது கிழமைதோறும் பார்க்கப்படவேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் மெலிந்தவராயின், இடையிலுள்ள கிழமைகளிலே உணவால் அவரைத் தேற்ற வழி சொல்லப்படவேண்டும். ஆறாப் புண்ணோடு வீட்டிலே கிடப்போருக்கு, திரிபோஷாவைப் போன்றதொரு சத்துணவு உதவி நீட்டப்படவேண்டும். வைத்தியசாலை உணவிலே முட்டையும் பருப்பும் மீனும் பெயரளவிலன்றிக் கணக்களவிலே பரிமாறப்படவேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒரு சதமும் செலவில்லாத கோரிக்கை ஒன்று உண்டு. வீடு திரும்பும் நோயாளியின் கையிலே வைத்தியசாலை ஓர் அட்டை கொடுக்கிறது. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அதிலே ஆங்கிலத்தில் எழுதப்படுவதே வழக்கம். அடுத்த டாக்டருக்கு அது விளங்கும். அடுப்பங்கரையில் நிற்கும் தாய்க்கு விளங்காது. புண்ணின் விதி தீர்மானிக்கப்படும் இடமோ அந்த அடுப்பங்கரை! மானிப்பாயிலே 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழருக்குத் தமிழிலேயே மருத்துவம் சென்று சேரவேண்டும் என்றுழைத்து, 'இரண வைத்தியம்' என்ற பெயரிலே சத்திரசிகிச்சை நூலையே தமிழில் தந்தார். கடல் கடந்து வந்தவர் ஒரு நூல் முழுவதையும் தமிழாக்கினார். நம்மவர் இரண்டு வரியைத் தமிழில் எழுதலாகாதா?

அந்த இரண்டு வரிகள் எவை? "காயம் ஆறும் வரை நாள்தோறும் இரண்டு முட்டை, பருப்பு, மீன், பால் உண்ணவும், மச்சம் உண்ணாதோர் பயறு, கடலை, சோயா, தயிர் உண்ணவும்." சிறுநீரக நோயாளிக்கு வேறு அளவு எழுதட்டும், ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு பண்டம் எழுதட்டும். ஆனால் எழுதட்டும். டாக்டரின் கையெழுத்தோடு அந்த வரி வீட்டுக்குள் நுழைந்தால், கிரந்தியின் ஆட்சி அன்றே ஆட்டங்காணும். "டாக்டரே எழுதித் தந்திருக்கிறார்" என்ற ஒரு சொல்லுக்கு நம் வீடுகளிலே இருக்கும் மதிப்பு யாவரும் அறிந்ததே.

அரசு செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கிராமந்தோறும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதர் இதனை எடுத்துரைக்கலாம். சனசமூக நிலையங்கள் பேசலாம். ஆசிரியர்கள் வகுப்பறையிலே சொல்லலாம். வார்ட்டுக்கு நோயாளி பார்க்கச் செல்வோர் அடுத்த முறை பழக்கூடைக்குப் பதிலாக நாலு அவித்த முட்டையையோ ஒரு கிண்ணம் அவித்த கடலையையோ எடுத்துச் செல்லலாம்.

காயத்தைக் கட்டும் துணி வைத்தியசாலையிலிருந்து வருகிறது. காயத்தை மூடும் சதையோ அடுப்பிலிருந்து வருகிறது. இதனை அறிந்தபின்னும் காயமுற்றவனின் தட்டை வெறுமையாக்கி அதற்குப் பத்தியம் என்று பெயரிடுவோமாயின், அவன் புண்ணிலே கிருமியைக் காட்டிலும் கொடிய பகை நாமே ஆவோம். தட்டை நிரப்புங்கள், தழும்பு தானே தோன்றும்.